வத்திராயிருப்புத் தந்த விஞ்ஞான ஆசிரியர்: டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்

சாத்தூரினின்று மேற்றிசை நோக்கிச் செல்வோர்க்கு, சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் கடந்தபின், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த வத்திராயிருப்பு என்னும் பேரூர் தோன்றும். அம்மலைச் சரிவுகளில் இறங்கும் ஓடைகள் ஒன்றுகூடி அர்ச்சுனா நதியாகிக் கிழக்கே ஓடி, நமது சாத்தூர்த் தாலுகாவில் வைப்பாற்றோடு சேர்கின்றன. மழை பெய்தால் அவ்வூர் நீர் நம்மூருக்கு வரும்; மழை பொய்த்தால் இரண்டு ஊரும் ஒருங்கே வாடும். இந்தக் கரிசல் சீமையைத் தீப்பெட்டிக்கும், பட்டாசுக்கும், பேனா முள்ளுக்கும், காராச்சேவுக்கும் உரிய சீமையென்றே வெளியூரார் அறிவர். பௌதிக சாஸ்திரத்தில் உலகம் மதித்த ஓர் ஆசிரியரை இச்சீமை ஈன்றது என்பதை நம்மவரிலேயே அறிந்தோர் சிலர். ராமன் விளைவு என்னும் பெயர் பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும். அவ்விளைவு கண்ட நாட்களில் ராமனோடு இருட்டறையில் நின்று கண் வலிக்க உற்றுநோக்கியவர் வத்திராயிருப்புக் கிருஷ்ணன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் நாள் பிறந்தார். அப்போது வத்திராயிருப்பு திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அதனோடு இணைக்கப்பட்டன. 1985இல் பிரிந்து இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. கிருஷ்ணனின் தந்தையார் நிலம் உழுவித்து வாழ்ந்த ஸ்ரீவைஷ்ணவர்; தமிழிலும் வடமொழியிலும் பயிற்சியுடையவர். ஏரும் ஏடும் ஒரே திண்ணையில் கிடந்த அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இலக்கியச் சுவை பாலோடு ஊறியது. அச்சுவை அவரைக் கடைசிவரை விடவில்லை. உள்ளூரில் தொடங்கிய கல்வி ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து உயர்தரப் பாடசாலையில் நிறைவெய்தியது.

பின்னர் அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இடைநிலை வகுப்பிற் சேர்ந்தார். 1881இல் பசுமலையில் தோன்றிய அக்கல்லூரி, அவர் செல்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வையையின் வடகரையில் தல்லாகுளத்துக்குப் பெயர்ந்திருந்தது. அங்கிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று பௌதிகத்திற் பட்டம் பெற்றார். அந்நாளில் அக்கல்லூரி தாம்பரத்துக்கு வரவில்லை. 1937 வரை அது கோட்டைக்கு வடக்கே ஜார்ஜ் டவுனில், கப்பல் சங்கும் வண்டிச் சத்தமும் ஓயாத இடத்தில் இருந்தது. ஆக, இக்கட்டுரையின் நாயகரை உருவாக்கிய கலாசாலைகள் இரண்டும் மிஷன் கலாசாலைகளே. ஒரு கிராமத்துப் பையனுக்குத் தராசும், கண்ணாடிக் குழாயும், நல்ல நூல் நிலையமும் கையெட்டும் தூரத்தில் இருந்தமையே அவன் வாழ்வை மாற்றப் போதுமானது. அக்காலத்துத் தென்னாட்டில் அவ்வசதி உள்ள இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பட்டம் பெற்றபின் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவில் டிமான்ஸ்டிரேட்டராக அமர்ந்தார். இவ்வேலையின் இயல்பை நம் மாணாக்கர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. குடுவை கழுவப்பட்டதா, அமிலம் அளவோடு ஊற்றப்பட்டதா, குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கப்பட்டதா என்று பார்ப்பதே அதன் வெளித்தோற்றம். மேடையேறிப் பாடஞ் சொல்வது பேராசிரியருக்கு. மேசைக்கு மேசை நடப்பது டிமான்ஸ்டிரேட்டருக்கு. சம்பளமும் மரியாதையும் அதற்கேற்றவையே. வேறு இடங்கிடைக்கும் வரையில் தங்கும் சத்திரமாக அதனை எண்ணியோர் பலர்.

கிருஷ்ணன் அதனைச் சத்திரமாக எண்ணினாரில்லை. நண்பகல் உணவு வேளையில் மாணாக்கரைத் தம்மிடம் கூட்டிவைத்துக்கொண்டு உரையாடத் தொடங்கினார். பாடத்திட்டம் இல்லை, வருகைப் பதிவு இல்லை, தேர்வு இல்லை. பௌதிகமோ, ரசாயனமோ, கணிதமோ, யார் எவ்வினாவைக் கொண்டுவந்தாலும் அதனை எடுத்து அங்கேயே அலசுவது ஒன்றே வழக்கம். நாளடைவில் கூட்டம் பெருகிற்று. அடுத்த கல்லூரிகளின் மாணாக்கரும் அவ்வேளை பார்த்து வரத் தலைப்பட்டனர். உண்ணும் நேரத்தை விட்டு ஒருவன் பாடங் கேட்க வருகின்றான் என்றால், அவனுக்கு அங்கே கிடைத்த விருந்து எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நிகழ்ச்சி மிகச் சிறியது. வாழ்க்கைக் குறிப்புகளில் ஓரிரு வரியில் வந்து போவது. ஆயினும் அவருடைய வாழ்வில் நான் மிகவும் நின்று நோக்குவது இதனையே. காரணம் உண்டு. கேட்கப்படும் வினா இன்னதென்று முன்னரே அறிந்துகொண்டு விடை பகர்வது எளிது. பாடப் புத்தகம் அதற்கு அரண். வினா எத்திசையினின்று வருமென்று தெரியாமல் மாணாக்கர் நடுவே அமர்வது அரணின்றிப் போர்க்களத்தில் நிற்பது. அங்கே தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொள்ளவேண்டும். கரும்பலகையில் முதலடி தவறினால் எல்லோரும் காண அழித்து மீண்டும் எழுதவேண்டும். ஆசிரியர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதை மாணாக்கன் கண்ணாரக் காண்பது அப்போதுதான். மேலும், பௌதிகம் வேறு ரசாயனம் வேறு என்று கால அட்டவணை போடும் வேலி அவ்வுணவு வேளையில் இல்லை. பௌதிகத்திற் பட்டம் பெற்று ரசாயன சாலையில் வேலை பார்த்தவர் ஆதலின், வேலியின் இருபுறமும் அவருக்குப் பழக்கம். பிற்காலத்தில் படிகங்களின் காந்த குணத்தை ஆராய்ந்து ரசாயனிகளும் வியக்கும் முடிவுகளை அவர் கண்டதற்கு இப்பழக்கம் வித்தாயிருந்தது என்பது என் கருத்து. விஞ்ஞான ஆசிரியராகப் பயிற்சி பெறுவோர் போதனா முறை பற்றிப் பல நூல்கள் படிக்கின்றனர், படிக்கத்தான் வேண்டும். அத்துடன் இந்த நண்பகற் கூட்டத்தையும் ஒரு பாடமாக வைத்தால் குற்றமில்லை.

1920ஆம் ஆண்டு கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் பயணமானார். அங்கே சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரியில் ஸி. வி. ராமன் பாலித் பேராசிரியராக விளங்கினார். நிலையான வேலையை விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊருக்கு, மீண்டும் மாணாக்கனாக ஒருவர் போவதென்றால் உற்றார் என்ன சொல்லியிருப்பர்! நம் சீமையினின்று ஏறத்தாழ அக்காலத்திலேயே கல்கத்தா சென்ற வேறு இருவரை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்க அந்நகருக்குச் சென்று, திரும்பிவந்து 1923 வாக்கில் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். வானம் பார்த்த பூமியிலிருந்து கல்வி தேடியும் தொழில் தேடியும் ஒரே நகரை நோக்கி நம்மவர் போயினர். தொழில் தேடியவர் திரும்பினர். கல்வி தேடியவர் வடக்கேயே தங்கினார்.

1923இன் இறுதியில் அவர் பௌபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ராமனுடைய ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார். டாக்டர் மகேந்திரலால் ஸர்க்கார் 1876இல் பொதுமக்கள் நன்கொடை கொண்டு நிறுவிய சங்கம் அது. கிருஷ்ணனுக்கு முதலில் அளிக்கப்பட்ட பணி, திரவங்களைத் தூய்மை செய்து, அவற்றுள் ஒளி செலுத்தி, பக்கவாட்டில் சிதறும் ஒளியை ஆராய்வது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல திரவங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அவற்றிற் சிலவற்றில், சிதறிய ஒளியோடு மிக மெல்லிய வேறொரு நிற ஒளியும் கலந்து வந்தது. அழுக்கினால் எழும் ஒளிர்வு என்று அதனை முதலில் எண்ணினர். திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மை செய்தும் அது போகவில்லை. போகாத அழுக்கு அழுக்குத்தானா என்னும் ஐயம் அங்கே தோன்றிற்று.

இங்கே பொருளைச் சிறிது விளக்கவேண்டும். மத்தாப்பில் செந்நிறம் வேண்டின் ஸ்ட்ரான்சியம் உப்பும், பசுமை வேண்டின் பேரியம் உப்பும் சேர்ப்பர் என்பது நம் பக்கத்தில் பட்டாசுச் சாலை வாயிலிற் காலெடுத்து வைத்த சிறுவனும் அறிவான். ஒவ்வொரு பொருளும் எரியும்போது தனக்கே உரிய நிறங்களைக் காட்டும். ஸ்பெக்ட்ராஸ்கோப் என்னும் கருவியால் நோக்கினால் அந்நிறங்கள் தனித்தனிக் கோடுகளாய்ப் பிரிந்து தோன்றும். ஆனால் நீரையும் பென்ஸீனையும் எரிக்காமலே அவற்றின் அணுக்கூட்டத்தின் அமைப்பை அறிவதெங்ஙனம்? ஒரே நிறமுள்ள ஒளியை அவற்றுள் செலுத்தினால், சிதறும் ஒளியின் பெரும்பகுதி சென்ற நிறத்திலேயே மீளும். மிகச் சிறிய பங்கு, பத்து லட்சத்தில் ஒன்றினும் குறைவானது, அணுக்கூட்டத்தின் அதிர்வுக்குத் தன் சக்தியிற் கொஞ்சம் கொடுத்தோ அதனிடமிருந்து கொஞ்சம் பெற்றோ நிறம் மாறி வெளிவரும். எவ்வளவு மாறிற்று என்பது அப்பொருளின் கைந்நாட்டு. இதுவே ராமன் விளைவு.

1928 பிப்ரவரி மாதத்து நிகழ்ச்சிகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அது பிற்காலத்தில் வெளியாயிற்று. அதற்குமுன் சில காலம் அவர் கணக்கும் கொள்கையுமாகக் காகிதத்தோடு இருந்தார். விஞ்ஞானி நீண்டநாள் சோதனையினின்று விலகியிருத்தல் நன்றன்று என்று ராமன் வற்புறுத்த, சோதனை மேசைக்கு மீண்டார். முதலில் ஆந்த்ரஸீன் ஆவியை எடுத்தார். அது எதிர்பார்த்ததைக் காட்டவில்லை. பின் தூய திரவங்களுக்குத் திரும்பினார். கதிரவன் ஒளியைப் பெரிய கண்ணாடி வில்லையாற் குவித்து, நீல ஊதாக் கண்ணாடி வழியே திரவத்துட் செலுத்தி, அந்நிறத்தை முற்றும் தடுக்கும் பசுங்கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து நோக்குவது முறை. ஒன்றும் தெரியலாகாது. ஆனால் தெரிந்தது. ஒரு திரவத்திலன்று, எடுத்த திரவம் ஒவ்வொன்றிலும் தெரிந்தது. அன்றியும் அவ்வொளி சாதாரண ஒளிர்வு போலன்றி ஒரு தளத்தில் முனைப்புற்றிருந்தது. 7ஆம் தேதி இரவு ஒன்பது மணியளவில் ராமன் கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டுக்கே வந்து கூப்பிட்டு, அன்று காலை கண்டது கிராமர்ஸ், ஹைஸன்பர்க் என்னும் இருவர் கொள்கையளவில் முன்னுரைத்த விளைவாகவே இருக்கவேண்டும் என்று பரபரப்போடு சொன்னார். மாணவன் வீடு தேடி ஆசிரியர் இரவில் வருவது எந்நாட்டிலும் அரிது.

அதன்பின் ஆவிகளிலும் அவ்விளைவு உண்டெனக் கண்டனர். 16ஆம் தேதி இருவர் பெயராலும் ஒரு குறிப்பு இங்கிலாந்திலுள்ள நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பப்பட்டது. மார்ச் 31ஆம் நாள் வெளியாயிற்று. 27ஆம் தேதி கிருஷ்ணன் வீட்டில் ஒரு வைதிகச் சடங்கு. அவர் சங்கத்துக்குப் போகவில்லை. மறுநாள் 28ஆம் தேதி பிற்பகல் சென்றார். அன்றுதான் ஒளியின் நிற எல்லையை மேலும் குறுக்கி, ஸ்பெக்ட்ராஸ்கோப்பால் நேரே நோக்கினர். சென்ற ஒளிக்கும் மாறிய ஒளிக்கும் இடையே கருமையான ஓர் இடைவெளி தெளிவாய்த் தெரிந்தது. ஐயம் தீர்ந்தது. அந்நாளையே இந்திய அரசாங்கம் 1987 முதல் தேசீய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி வருகின்றது. நம் பள்ளிகளில் அன்று கண்காட்சி வைப்போர் அந்தக் கருவிகளின் எளிமையை நினைவிற் கொள்வாராக: வெயில், வில்லை, இரண்டு நிறக் கண்ணாடி, கையடக்கமான ஒரு ஸ்பெக்ட்ராஸ்கோப், பழகிய இரு ஜோடிக் கண்கள்.

1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. இதுபற்றி இன்றும் வாதிப்பவர் உளர். ஒரு சாரார் கிருஷ்ணனுக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதென்பர். மற்றொரு சாரார் வினாவை எழுப்பியதும் ஆண்டுக்கணக்கில் அதனைத் துரத்தியதும் ராமனே, ஆதலின் பரிசு முறையே என்பர். ராமன் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்திய பேருரையில் கிருஷ்ணன் முதலிய மாணாக்கரின் பங்கை எடுத்துரைத்தார் என்பதை இருசாராரும் மறத்தலாகாது. வினா ராமனுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்பிப்ரவரியின் சோதனைகளிற் பெரும்பங்கு கிருஷ்ணனுடைய கண்ணாலும் கையாலும் நடந்தது என்பதிலும் ஐயமில்லை. ஒருவர் தலையையும் மற்றவர் கையையும் தனித்தனியே நிறுக்கும் தராசு ஸ்வீடனிலும் இல்லை. கிருஷ்ணன் இதனைக் குறித்துப் பொதுவிடத்தில் உரிமை கொண்டாடவில்லை. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் டாக்காவில் வேறு வேலையில் மூழ்கியிருந்தார்.

1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா சர்வகலாசாலையில் பௌதிக ரீடர் பதவி அவரை அழைத்தது. இன்று வங்கதேசத்தின் தலைநகராகிய டாக்கா அந்நாளில் இந்தியாவிலிருந்தது. சத்யேந்திரநாத் போஸ் அங்கே பௌதிகப் பேராசிரியர். ராமனுடைய நிழலினின்று விலகி, தமக்கென ஒரு வினாவைக் கிருஷ்ணன் தேர்ந்துகொண்டது அங்கேதான். படிகம் ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் காந்தத்துக்கு உட்படுவதில்லை. நீளவாட்டில் ஒன்று, குறுக்கே ஒன்று. இவ்வேறுபாட்டை நுட்பமாய் அளந்தால், உள்ளே அணுக்கூட்டங்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை வெளியிலிருந்தே கூறலாம். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தத்தின் நடுவே நிறுத்தி, இழையின் மேல்நுனியைத் திருக்கிக்கொண்டே வருவர். படிகம் காந்தத்துக்கு அடங்கி அசையாது நிற்கும். ஓர் அளவு கடந்ததும் சடக்கெனத் திரும்பிவிடும். எவ்வளவு திருக்கியபோது திரும்பிற்று என்பதிலிருந்து வேறுபாட்டைக் கணக்கிடுவர். மற்றொரு முறை இன்னும் எளிது: படிகத்தை ஓர் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, கரைசலின் செறிவைக் கூட்டியும் குறைத்தும், காந்தத்தால் படிகம் ஈர்க்கவும் தள்ளவும் படாத நிலைக்குக் கொண்டுவந்தால், படிகத்தின் காந்த குணமும் கரைசலின் காந்த குணமும் சமம். நம்மூர்ச் சிற்றண்டி வியாபாரி படிக்கல்லுக்குச் சரியாகப் புளியை வைத்து நிறுப்பது போன்றதே இது. கை மட்டும் நடுங்கலாகாது.

டாக்காவிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் குஹா, பானர்ஜி முதலிய இளைஞர் அவரோடு உழைத்தனர். லண்டன் ராயல் ஸொஸைட்டியின் வெளியீடுகளில் 1933 முதல் அவ்வாராய்ச்சிகள் தொடர்ந்து வந்தன. பெட்டியிலே துணிக்கு இடையே போடும் அந்துருண்டையின் நாப்தலீன் படிகத்தில் அணுக்கூட்டங்கள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதைக் காந்தத்தால் உரைத்தனர். எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்வோர்க்கு அது வழித்துணையாயிற்று. பென்ஸிலில் உள்ள கிராபைட்டை எடுத்து கங்கூலி என்பாருடன் ஆராய்ந்து, அதன் எலக்ட்ரான்கள் ஏட்டுக்கு ஏடு தாவாமல் தத்தம் ஏட்டுத் தளத்திலே மட்டும் எளிதில் ஓடித் திரிகின்றன என்று காட்டியதும் அக்காலத்ததே. கிராபைட்டின் ஒற்றை ஏட்டைப் பிரித்தெடுத்து 2004இல் ஆராய்ந்தோர்க்கு 2010இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வேடுகளின் தனித்தன்மையை எழுபது ஆண்டுகள் முன்னரே நம்மவர் ஒருவர் இழையில் தொங்கவிட்டு அளந்தார்.

1933இல் ராமன் பெங்களூருக்குச் சென்றபின் கிருஷ்ணன் கல்கத்தாச் சங்கத்துக்கு மகேந்திரலால் ஸர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1937இல் ஐரோப்பா சென்று கேம்பிரிட்ஜ் காவெண்டிஷ் சாலையிலும், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும், பெல்ஜியத்து லீஜ் நகரத்திலும் உரையாற்றினார். 1940இல் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினரானார்.

1942இல் அலகாபாத் சர்வகலாசாலையில் பௌதிகத் தலைமைப் பேராசிரியர் பதவியை ஏற்றார். மேகநாத ஸாஹா 1938 வரை அலங்கரித்த துறை அது. அது யுத்த காலம். நுண்ணிய கருவிகளை வெளிநாட்டிலிருந்து வருவிப்பது அரிது. கருவி கிடைக்காவிடில் காகிதமும் மாணாக்கரும் உண்டல்லவா? உருகிய உலோகத்தில் மின்சாரம் ஏன் இவ்வளவு தடைப்படுகின்றது என்னும் வினாவை பாடியா என்னும் இளைஞரோடு சேர்ந்து எடுத்தார். உலோகம் உருகினால் அணுக்கள் வரிசை குலையும்; ஆயினும் முற்றும் குலைவதில்லை, ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் ஓரளவு ஒழுங்கு எஞ்சும். எக்ஸ் கதிர் சிதறலிலிருந்து அவ்வொழுங்கை அளந்து, அதனையே கொண்டு எலக்ட்ரான் சிதறுவதையும் கணக்கிட்டால் தடையின் அளவு வந்துவிடும் என்று 1945 வாக்கில் இருவரும் காட்டினர். அலகாபாத்திலிருந்து வந்த இம்முடிவை அன்று உலகம் பெரிதும் கவனிக்கவில்லை. 1961இல் இங்கிலாந்தில் ஸைமன் என்பார் அதே வழியில் ஒரு கொள்கையை நிறுவியபின்னரே அதன் அருமை தெரிந்தது. பாடியா கனடா நாட்டில் பேராசிரியராகப் புகழுடன் விளங்கினார். சென்னையில் நண்பகற் கூட்டத்தில் தொடங்கியது இங்கேயும் அற்றுப்போகவில்லை: ஒளிச்சிதறலில் தாம் கற்றதை உலோகத்துக்குக் கொண்டுபோனதில் மீண்டும் வேலி தாண்டல் காண்கிறோம்.

1946இல் அவருக்கு ஸர் பட்டம் வந்தது. சுதந்திரம் வந்த 1947இல் புது தில்லியில் தோன்றவிருந்த தேசீய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு முதல் டைரக்டராக அவரை அரசாங்கம் நியமித்தது. அவ்வாண்டு ஜனவரி 4ஆம் நாள் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டியிருந்தார். 1950 ஜனவரி 21ஆம் நாள் ஸர்தார் வல்லபாய் படேல் திறந்துவைத்தார். நாட்டின் அளவுகளுக்கு ஆதாரம் காக்கும் பணி அச்சாலையைச் சேர்ந்தது. 57ஆம் எண் பொறித்த இந்தியாவின் மூலக் கிலோகிராம் கட்டி அங்கேதான் காக்கப்படுகின்றது. சேரும் வீசையும் பலமும் புழங்கிய நம் கடைவீதிகளில் 1958 முதல் கிலோ நுழைந்தபோது, அதன் வேர் வத்திராயிருப்பார் ஒருவர் தலைமை வகித்த கட்டடத்தில் இருந்தது என்பதைத் தராசு பிடித்தவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. ஆராய்ச்சியும் போதனையும் உயிராகக் கொண்ட ஒருவரை டெண்டர்களுக்கும் கமிட்டிகளுக்கும் நடுவே கொண்டுவைத்தது தகுமா? அணுசக்திக் கமிஷன் 1948இல் தோன்றியபோது ஹோமி பாபா, பட்நாகர் ஆகியோரோடு மூன்றாமவர் கிருஷ்ணன். பல்கலைக்கழக மானியக் குழுவிலும் இருந்தார். 1949இல் அலகாபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். இத்தனைக்கும் நடுவே, மின்சாரத்தாற் பழுக்கக் காய்ந்த மெல்லிய கம்பியில் வெப்பம் எப்படிப் பரவி நிற்கும் என்பது போன்ற, பார்வைக்குச் சிறிய, கணக்கிற் பெரிய வினாக்களை ஜெயின் முதலிய இளைஞரோடு விடாது ஆராய்ந்துவந்தார். கிராபைட்டால் உட்குழிவான ஒரு கூடு செய்து, அதனைக் காய்ச்சி, சிறு துளை வழியே ஆவிபோல் வெளிவரும் எலக்ட்ரான்களை அளந்ததும் தில்லியில்தான். பதவி ஆளை விழுங்கிவிடவில்லை என்பதற்கு இவை சான்று. ஆனால் ஓர் அலகாபாதோ டாக்காவோ அவருக்கு மேலும் பத்தாண்டு கிடைத்திருப்பின், எத்தனை பாடியாக்கள் தோன்றியிருப்பர் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. நாடு புதிதாய்ப் பிறந்த வேளை. கட்டடம் கட்டத் தெரிந்தவர் வேண்டியிருந்தது, உண்மை. கட்டடத்தைக் கட்ட வேறொருவர் கிடைத்திருக்கக்கூடும். வினாத் தொடுக்கக் கற்பிப்பவர் அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை. இது என் சொந்த அபிப்பிராயம். மாறுபடுவோர் உண்டெனின் மறுக்கமாட்டேன்.

1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் பட்நாகர் பரிசு முதன்முதல் வழங்கப்பட்டபோது அதுவும் அவரை அடைந்தன. வேறு பட்டங்களை அடுக்கிக்கொண்டுபோதல் வாசகர்க்கு அலுப்புத் தரும்.

அவரை அறிந்தோர் அவருடைய பேச்சையே முதலிற் குறிப்பிடுவர். விஞ்ஞானக் கூட்டமாயினும் விருந்தாயினும் கதைகளும் நகைச்சுவையும் இயல்பாய் வந்து விழும். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த பயிற்சி. தத்துவ நூல்களில் ஈடுபாடு. டென்னிஸ் ஆட்டத்தில் பிரியம். படிகத்தைத் திருக்கிய கைதான் ஓலைச் சுவடியின் மரபில் வந்த செய்யுட்களையும் புரட்டிற்று. விஞ்ஞானம் கற்றோர்க்குத் தாய்மொழி இலக்கியம் வேண்டாப் பொருள் என்றும், இலக்கியம் கற்றோர்க்குக் கணக்குப் பகை என்றும் நம் விடுதிகளில் இரு கட்சியாய்ப் பிரிந்து கேலி பேசும் இளைஞர், இரண்டு கட்சிக்கும் உரியவராய் ஒருவர் நம் அண்டையூரில் பிறந்தார் என்பதைக் கேட்டால் சற்று நாணுவர்.

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், அறுபத்து மூன்றாம் வயது நடக்கையில், டாக்டர் கிருஷ்ணன் காலமானார். அதுவரையில் அவர் அந்த ஆராய்ச்சிச் சாலையின் டைரக்டர் பொறுப்பிலேயே இருந்தார். புது தில்லியில் அச்சாலை நிற்கும் வீதிக்கு அவர் பெயரையே இட்டுள்ளனர். அங்கிருந்து வரும் கடித உறைகளின் முகவரியில், டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று இன்றும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம்.